இரண்டாவது சிப்பாய்

மாஸ்டருக்கு மனிதர்கள் என்றாலே இளக்காரம். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். கிளட்ச் எது பிரேக் எது என்று தெரியாத கால்களைப் பார்த்துப் பார்த்து, அந்தக் கால்களுக்கு மேலே இருக்கிற தலைகளையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டார். அவர் உட்காருகிற பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதிக்க நேரும்போதெல்லாம் ஒரே வசனம்தான்: "பக்கத்துல ஒருத்தன் இருக்கான்னு நம்பி ஓட்டுறதெல்லாம் ஒரு ஓட்டமா?"

அந்த இளக்காரத்தில் பெரும்பங்கைச் சகலைக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார். சகலை மருந்துக்கடைக்காரர். இரண்டு பேரையும் பிடித்து ஆட்டியது ஒரே பைத்தியம்: ஷோகி, ஜப்பான்காரர்களின் சதுரங்கம். அதில் வெட்டுப்பட்ட காய் செத்துப்போகாது. வெட்டியவன் கைக்கு வந்து, அவன் கட்சியில் சேர்ந்து, வேண்டிய இடத்தில் மறுபடி இறங்கும்.

சலவைக்கடை மாடியில் ஷோகி சங்கம் இருந்தது. சகலை கடையைச் சாத்தியதும் நேரே அங்கேதான் போவார். யார் கிடைத்தாலும் எதிரே உட்காருவார். பெரும்பாலும் தோற்பார். தோற்றதும் காய்களைப் பழையபடி அடுக்கி, "நான் எங்க கோட்டை விட்டேன்?" என்று ஜெயித்தவரையே கேட்பார். நேற்றுக் கற்றுக்கொண்டு வந்தவனாக இருந்தாலும் கேட்பார். பேருக்கு உறுப்பினராக இருந்த மாஸ்டர் ஒரு தடவை போய் இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு திரும்பினார்.

"ஊருக்கெல்லாம் மருந்து குடுக்கிறவன், தோத்த கையோட கண்டவன்கிட்டயும் மருந்து கேட்டு நிக்கிறான்" என்றார் மனைவியிடம்.

"கேட்டா என்ன குறைஞ்சுபோச்சு?"

"மானம்!"

மாஸ்டர் மனிதர்களோடு ஆடுவதை வைத்துக்கொள்ளவில்லை. ஃபோனோடு ஆடினார். சாப்பிடும்போது ஒரு கையில் சோறு, மறு கையில் ராஜாவை மடக்கும் புதிர். அடுத்த மாணவர் வரும்வரை காரிலேயே இரண்டு புதிர். "அது கூடவே குடும்பம் நடத்துங்க" என்று மனைவி அலுத்துக்கொண்டாள். திறமை ஏறியது, அதில் பொய்யில்லை. ஃபோனின் மேல்மட்டங்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தாண்டினார். கூடவே தலைக்கனமும் ஏறியது, சொல்லவா வேண்டும்.

பெரிய போட்டிக்குச் சங்கத்திலிருந்து ஒரே ஒருவரை அனுப்புவார்கள். அந்த இடத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் இந்த இரண்டு பேர்தான். ஒரு ஆட்டம் ஆடட்டும், ஜெயிப்பவர் போகட்டும் என்று செயலாளர் அம்மாள் சொல்லிவிட்டார். மாஸ்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், எல்லார் முன்னாலும் மீசையைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"இவன்கிட்ட தோத்தா இந்த மீசையை எடுத்துடறேன்."

"எதுக்குண்ணே அதெல்லாம்?" என்று சகலை சிரித்தார். பயந்துவிட்டான் என்று மாஸ்டர் குறித்துக்கொண்டார்.

அவரிடம் மெச்சத்தக்கதாக இருந்தது அந்த மீசை ஒன்றுதான். அடர்ந்து, கறுத்து, வாயை விடப் பெரியதாக இருந்தது.

ஆட்டத்தில் மாஸ்டர் சகலையைப் பிழிந்து எடுத்தார். சகலையின் ராஜா மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தது. காவலுக்கு இருந்த காய்கள் ஒவ்வொன்றாக மாஸ்டர் கைக்கு வந்து சேர்ந்தன. இன்னும் கொஞ்சம் நெருக்கினால் போதும். அதற்கு ஒரு சிப்பாய் வேண்டும், அதுவும் கையில் இருந்தது. இதைக்கூடப் பார்க்கத் துப்பில்லாதவன் எதற்கு ஆட வருகிறான் என்று நினைத்தபடி, சிப்பாயை ராஜாவுக்குப் பக்கத்துக் கட்டத்தில் டொக்கென்று வைத்தார். சாய்ந்து உட்கார்ந்து மீசையை முறுக்கினார்.

சகலை பலகையைப் பார்த்தார். பிறகு மாஸ்டரைப் பார்த்தார். முகத்தில் சந்தோஷம் கொஞ்சமும் இல்லை.

"அண்ணே... அதே வரிசையில கீழ உங்க சிப்பாய் ஒண்ணு இருக்கு."

இருந்தது. ஆட்டம் தொடங்கியதிலிருந்தே அவருக்கு முன்னால்தான், நகராமல் நின்றுகொண்டிருந்தது. நெடுக்கு வரிசை ஒன்றில் தன் சிப்பாய் நிற்கும்போது அதே வரிசையில் இன்னொன்றை இறக்கக் கூடாது, இறக்கினால் அந்த நொடியே தோல்வி. ஷோகியில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற சட்டம் அது. மாஸ்டருக்குத் தெரியாததல்ல. ஆனால் ஃபோனில் அப்படி வைக்கவே முடியாது, விரலை எவ்வளவு அழுத்தினாலும் காய் இறங்காது. வரிசையைப் பார்க்கிற வேலையை இத்தனை காலமும் ஃபோனே பார்த்துக்கொண்டிருந்தது. மரப்பலகை யாரையும் தடுப்பதில்லை.

அவர் கை தன்னால் நீண்டு சிப்பாயைத் தூக்கப் போனது.

"வெச்சது வெச்சதுதான் சார்" என்றார் செயலாளர் அம்மாள். "தோத்தவர் வாயால சொல்லணும்."

ஃபோன் அவரை ஒருநாளும் இதைச் சொல்லச் சொன்னதில்லை. "தோத்துட்டேன்" என்ற சொல் ஒருவழியாக வெளியே வந்தது.

சகலை காய்களை அடுக்க ஆரம்பித்தார். "நான் தோத்துக்கிட்டுத்தாண்ணே இருந்தேன். எங்க கோட்டை விட்டேன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்."

மாஸ்டர் படியிறங்கிவிட்டார்.

மீசையை யாரும் கேட்கவில்லை. மனைவிகூட, "விளையாட்டுக்குச் சொன்னதுதானே, விடுங்க" என்றாள். ஆனால் சொன்ன சொல் தவறுகிறவர்களையும் அவர் ஆயுள் முழுக்க இளக்காரமாகப் பேசி வந்தவர். வேறு வழியில்லாமல் குளியலறைக்குள் போனார்.

மறுநாள் காலை, ஓட்டிப் பழகுகிற அம்மாள் வண்டியை நேரே ஒரு மதிலுக்கு விட்டார். மாஸ்டர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தார். கார் குலுங்கி நின்றது.

"நீங்கதான் பிடிச்சுக்குவீங்களே சார்" என்று அந்த அம்மாள் சாவகாசமாகச் சிரித்தார்.

வசனம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பேசுவதற்கு முன்னால் வழக்கம்போல் கை மேலுதட்டுக்குப் போனது. அங்கே தடவ ஒன்றும் இல்லை.

"ரிவர்ஸ் எடுங்கம்மா" என்றார் மாஸ்டர்.