ஐந்து விரல் நரி

முந்நூற்றுப் பன்னிரண்டு நாட்களாக அந்தப் பெயரைப் பாஸ்குவாலா சொல்லவில்லை. தினமும் காலை மணி அடித்ததும் ஒரு புல்லைக் கிள்ளிப் பாய்க்கடியில் போட்டு எண்ணிவந்தாள். பாதிரிமார் நடத்தும் அந்த மிஷனில் எழுவதும் உண்பதும் உறங்குவதும் மணிக்குத்தான். அம்மை நோய் நாற்பது குழந்தைகளை அள்ளிக்கொண்டு போனபோதும் அது நேரம் தவறாமல் அடித்தது.

செத்தவர் பெயரை அவளுடைய சனங்கள் சொல்வதில்லை. சொன்னால் கடலைத் தாண்டி மேற்கே போகிற உயிர் திரும்பிப் பார்க்கும், வழி தவறிவிடும். அவர்களுடைய பொருளும் மிஞ்சக்கூடாது. அம்மையில் போன மகளின் முயல்தோல் போர்வை, விதை பொறுக்கும் சின்னக் கூடை, கிளிஞ்சல் மாலை எல்லாவற்றையும் அவளும் புருஷன் நிக்கானோரும் ஆற்றங்கரையில் எரித்தார்கள். மாலை மட்டும் படபடவென்று வெடித்தது.

கோயிலுக்குப் புதிதாகத் தளம் போட்டு முடித்திருந்தார்கள். ஓடு அறுப்பதும் சுடுவதும் பதிப்பதும் நிக்கானோர்தான். தூசி பெருக்க வந்த பாஸ்குவாலா, புனித அன்னம்மாள் சிலைக்கு முன்னால் துடைப்பத்தை நிறுத்தினாள். அங்கே ஒரு தட்டோட்டில் சின்ன வலது கால் பதிந்திருந்தது. பெருவிரலைவிட அடுத்த விரல் நீளம். நிக்கானோருக்கும் அப்படித்தான்.

காயப்போட்ட ஈர ஓடுகளின் மேல் மகள் குதித்து ஓடியதும், நிக்கானோர் மண்கையோடு துரத்தியதும் நினைவுக்கு வந்தன. வாசலில் சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்தவனிடம் போனாள்.

“யோவ். எல்லாத்தையும் எரிச்சாச்சுன்னு சொன்னியே.”

அவன் தலை நிமிரவில்லை. “எரிச்சேன் புள்ள. இதையும் திரும்பச் சூளையில வச்சேன். ஏற்கெனவே வெந்ததுதானே? இன்னும் கெட்டியாயிடுச்சு.”

“ஒடைக்கிறது?”

“சுத்தியல எடுத்தேன். மூணு தடவ.” சுண்ணாம்பைக் கிளறினான். “வீட்டுல வச்சா தப்பு. இங்க செத்தவங்க பேர நாள் பூரா கூப்புட்டுப் பாடுறாங்க, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. இங்கன்னா பரவால்லன்னு நெனச்சேன்.”

அவளுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவன் மூக்கில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து பாதிரி இக்னாசியோ சாமி உள்ளே வந்தார். கண் மங்கிவிட்டதால் தளத்தைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே போனவர், சிலைக்கு முன்னால் மண்டியிட்டார்.

“நிக்கானோர், இங்க வா. என்னப்பா இது?”

“நரி, சாமி.”

“நரிக்கு அஞ்சு விரலா?”

“மலை நரி, சாமி.”

ஓடு சுமக்கும் எலிகியோ சிரிப்பை அடக்க இருமினான்.

“மலை நரிக்குக் குதிகாலும் உண்டோ? இதப் பாரு, யார் காலுன்னு தெரியாம இது இங்க கெடந்தா நாளைக்கே அதிசயம்னு மெழுகுவத்தி ஏத்துவாங்க. பிஷப்புக்கு நான் எழுதி மாளாது. யாரோடதுன்னு சொல்லு, இருந்துட்டுப் போகட்டும். இல்ல, பேத்து எறி.”

நிக்கானோர் வாசலுக்குப் போனான். பிறகு உளியையும் சுத்தியலையும் எடுத்துவந்து ஓட்டின் ஓரத்தில் உளியை வைத்தான். சுத்தியல் மேலே போனது. அங்கேயே நின்றது.

“சீக்கிரம்பா,” என்றார் சாமி. அந்த வருடம் நாற்பது குழிக்கும் மண் போட்டவர் அவர். குரலில் கடுமை இல்லை, அவசரம்தான்.

பாஸ்குவாலா துடைப்பத்தைச் சாய்த்து வைத்தாள். வந்து அவர்கள் நடுவில் உட்கார்ந்து உளியை ஒதுக்கிவிட்டு, உள்ளங்கையைத் தடத்தில் பொருத்தினாள். பிள்ளை உறங்கும்போது காலைப் பிடித்துக்கொள்வது போலவே இருந்தது, குளிர்ச்சி மட்டும்தான் புதிது. அவள் முகத்தைப் பார்த்ததும் எலிகியோவின் சிரிப்பு நின்றது. தூசி படிந்த கைகளால் அவன் காதைப் பொத்திக்கொண்டான்.

“வேணாம் புள்ள,” என்றான் நிக்கானோர்.

மேற்கு வாசல் திறந்திருந்தது. கடல் காற்று புதுத் தளத்தின் செம்மண் தூசியை எழுப்பிச் சுழற்றியது. ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

“சிராக்,” என்றாள். “எங்க சிராக் காலு, சாமி.”