சொங்கியின் மடிந்த காது

வாண்டுக்கு ஆறு வயது. ஆறு வயதில் ஒரு மனுஷிக்கு எவ்வளவு வீம்பு இருக்க முடியும் என்று யாருக்காவது சந்தேகம் இருந்தால், அவளைப் பெற்றவளிடம் கேட்டுக்கொள்ளலாம். மாதம் இரண்டு சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு, நீதிமன்றக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அம்மாவும் மகளும் ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளலாம் என்பது உத்தரவு. போன இரண்டு முறையும் வாண்டு வாசல்வரை வந்தாள், அம்மாவை முறைத்தாள், அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நீதிமன்றத்து ஆலோசகர் அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டார். "மூணாவது தடவையும் குழந்தை மாட்டேன்னா, சந்திப்ப நிறுத்தி வைக்கச் சொல்லித்தான் நான் எழுதணும். என்னைத் தப்பா நினைக்காதீங்கம்மா." பிறகு பாவம் பார்த்தோ என்னவோ, இன்னொன்றும் சொன்னார். வீட்டு நாய் காணாமல் போனதிலிருந்துதான் குழந்தை இப்படி இருக்கிறதாம்.

சொங்கி காணாமல் போய்விட்டதா! அந்தச் சோம்பேறி நாய்க்கு வாண்டுவின் அம்மாதான் பெயர் வைத்தாள். சாப்பாட்டுத் தட்டைத் தவிர வேறெதற்கும் எழுந்திருக்காத பிராணி. வாண்டு தவழ்ந்த நாளிலிருந்து அதன் மேல்தான் படுத்துப் புரண்டாள். நாய்க்கு இடது காது மட்டும் மடிந்து தொங்கும். எது வலது எது இடது என்பதையே வாண்டு அந்தக் காதை வைத்துத்தான் கற்றுக்கொண்டாள்.

நாயைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அதைப் போல ஒன்றாவது கொடுக்கலாமே என்று அன்றைக்கே குரோஷா பின்னல் ஊசியை எடுத்தாள். திண்டு உறை, நடுவில் சொங்கியின் முகம். கைப்பேசியில் இருந்த படத்தைப் பார்த்துக் கட்டம் போட்ட தாளில் வரைந்தாள். ஒரு கட்டத்துக்கு ஒரு பின்னல். பழுப்புக் கட்டத்தில் பழுப்பு நூல், வெள்ளைக் கட்டத்தில் வெள்ளை நூல். வேலை செய்கிற சலவைக்கடையில், சாப்பாட்டு நேரத்தில், இஸ்திரி மேஜையிலேயே உட்கார்ந்து பின்னினாள். இரண்டு வாரம் அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாளா என்று கேட்காதீர்கள்.

கீழிருந்து மேலாகப் போகிற பின்னல். தாடை வந்தது, மூக்கு வந்தது, நெற்றியின் வெள்ளைக் கோடு வந்தது. காதுகள் கடைசியாக, சனிக்கிழமை காலையில்தான் முடிந்தன. உறையின் பின்பக்கத் துணியை மூன்று ஓரமும் சேர்த்துத் தைத்துவிட்டு, பார் என்று வீட்டில் அக்காவிடம் நீட்டினாள். மணி பதினொன்றரை.

அக்கா வாங்கிப் பார்த்தாள். கைப்பேசியைப் பார்த்தாள். மறுபடி உறையைப் பார்த்தாள்.

"ஏன்டி, அதுக்கு எந்தக் காதுடி மடிஞ்சிருக்கும்?"

"இடது காது. ஏன்?"

"நீ வலது காத மடிச்சு வச்சிருக்கியே!"

அவள் பிடுங்கிப் பார்த்தாள். ஐயோ. ஐயய்யோ. தாளில் சரியாகத்தான் இருந்தது. பின்னலில் மாறியிருந்தது. வரிசையை வலது ஓரத்துக் கட்டத்திலிருந்து எண்ணு என்று வீடியோவில் ஒரு அம்மாள் சொன்னாள், இவளும் எண்ணினாள். அந்த அம்மாள் வலக்கைக்காரி. இவளுக்கோ பிறந்ததிலிருந்து எல்லாம் இடக்கை. ஊசி இடது ஓரத்திலிருந்து ஓடுகிறது. அப்படியானால் படம் முழுக்கத் திரும்பித்தானே வரும்! ஒரே மாதிரி இருக்கிற தாடையிலும் மூக்கிலும் அது எங்கே தெரிந்தது? காதில் வந்து கழுத்தை அறுத்துவிட்டது.

"பிரிச்சுப் போடு. காது மட்டும்தானே?" என்றாள் அக்கா.

"பதினாலு வரிசைக்கா. நாலு மணி நேரமாகும். ஒன்றரைக்கு நான் பஸ்ல இருக்கணும்."

"சின்னப் புள்ளதானே, கவனிக்க மாட்டா."

"யாரு, வாண்டா? வேற எதையும் பாக்க மாட்டா, அதத்தான் பாப்பா. 'இது சொங்கி இல்ல'ன்னு ஒரே வார்த்தைல கெளம்பிப் போயிடுவா. அத்தோட என் பொழப்பு முடிஞ்சுதுக்கா."

சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதாள் என்றே சொல்ல வேண்டும்; தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இந்தப் பாழாய்ப் போன கையை என்ன செய்வது என்று கத்தினாள். அக்கா அவள் மடியிலிருந்து உறையை இழுத்து, கோபத்தில் உள்ளும் புறமுமாகத் திருப்பிப் போட்டு உதறினாள். உதறியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இங்க பாருடி."

உள்பக்கம் வெளியே வந்திருந்தது. நிறம் மாறுகிற இடமெல்லாம் முடிச்சு, நூல் முனைகள் திசைக்கொன்றாக நீட்டிக்கொண்டிருந்தன. பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் மடிந்தது இடது காது.

முனைகளை வெட்டலாமா என்று அக்கா கத்தரிக்கோலைத் தேடினாள். வெட்டினால் முடிச்சு நழுவிவிடும் என்று இவள் தடுத்தாள். வாரிய தலையைக் கலைத்துவிட்ட மாதிரி இருந்த அந்தச் சொங்கிக்குள்ளே திண்டைத் திணித்து, நான்காவது ஓரத்தைத் தைத்து, செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனாள்.

மூன்றாம் மாடி அறையில் நான்கு நாற்காலி, ஒரு மேஜை, ஓடாத கடிகாரம். ஆலோசகர் அம்மாள் மூலையில் எழுதுபலகையோடு உட்கார்ந்திருந்தார். மூன்று மணிக்கு வாண்டு வாசலில் வந்து நின்றாள். முறைத்தாள். அப்பாவின் காலை நோக்கிக் கை போனது.

வாயைத் திறந்தால் இவளுக்குக் கெஞ்சல்தான் வந்திருக்கும். திண்டை எடுத்து மேஜையில் நிமிர்த்தி வைத்தாள்.

வாண்டு பார்த்தாள். ஓர் அடி வைத்தாள். இன்னோர் அடி. கிட்டே வந்து, நீட்டிக்கொண்டிருந்த நூல்களைத் தடவி, மடிந்த காதில் விரலை வைத்து அழுத்தினாள். வாசலில் நின்ற அப்பன், "சரி, நான் கீழ இருக்கேன்" என்று படியிறங்கிவிட்டான்.

"யாரு போட்டா?"

"நான்தான்டா கண்ணு."

"பாத்துப் பாத்துப் போட்டியா?"

"ஆமாடா. ஒவ்வொரு கட்டமா பாத்துப் பாத்துப் போட்டேன்."

வாண்டுவின் முகம் சட்டென்று மலர்ந்தது. எத்தனை மாதம் ஆயிற்று அந்த முகத்தைப் பார்த்து! குழந்தை தாவி வந்து அவள் மடியில் ஏறிக்கொண்டு, மூலையில் இருப்பவருக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல் காதோடு சொன்னது.

"பாத்துதானே போட்ட? அப்ப சொங்கி உங்கிட்டதான் இருக்கு. அப்பா சொன்னாரு, நீதான் தூக்கிட்டுப் போயிட்டேன்னு. அதான் உங்கூட டூ விட்டேன். தெருவுல வண்டி எதுலயோ மாட்டியிருக்கும்னு அத்தை சொன்னாங்க. அத்தை பொய்தானே? உங்கிட்டதானே இருக்கு?"

அடப்பாவி! பழியை இவள் தலையில் கட்டிவிட்டு, எதுவுமே அறியாதவனாகக் கீழே போய் நிற்கிறான். இல்லை என்று சொல்ல வேண்டும். இல்லை, எனக்குத் தெரியாது, நான் எடுக்கவில்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் மடியிலிருக்கிற இந்தக் கனம் இறங்கிவிடும். இறங்கி வாசலுக்குப் போய்விடும். மூலையில் பேனா தயாராக இருந்தது.

"சொல்லும்மா. உங்கிட்டதானே?"

அம்மா என்று கூப்பிட்டுவிட்டாள்.

"ஆமாடா," என்றாள். "எங்கிட்டதான் இருக்கு."

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் வாண்டு மடியை விட்டு இறங்கவே இல்லை. பள்ளிக்கூடத்துக் கதை, விழுந்த பல், புது டீச்சரின் குரல் என்று கொட்டித் தீர்த்தாள். ஆலோசகர் அம்மாள் சிரித்துக்கொண்டே எழுதினார். அடுத்த முறையிலிருந்து குழந்தையை வீட்டுக்கே அழைத்துப்போகலாம், நானே பரிந்துரைக்கிறேன் என்றார். பதினைந்து நாள்தான் பாக்கி.

போகும்போது வாண்டு திண்டை ஒரு கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். மறுகையைக் கவுன் பைக்குள் விட்டு, நொறுங்கிப்போன இரண்டு பிஸ்கட்டை எடுத்து அம்மாவின் இடது உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடினாள்.

"இது சொங்கிக்கு. இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு. ஒரேடியா குடுத்தா வாந்தி எடுக்கும், தெரியுமில்ல?"

"தெரியும்டா."

"நான் வர வரைக்கும் வெளிய விட்டுடாதம்மா."

"விட மாட்டேன்," என்றாள் அவள்.