நத்தைப் புத்தகத்தின் ஒரே வாசகி

பல்கலைக்கழக நூலகருக்கு அன்று கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு வருடமாக யாருமே திறக்காததால் தளத்திலிருந்து நீக்கப்படும் மின்நூல்களின் பட்டியல் வந்திருந்தது. நத்தைகளைப் பற்றி அவளுடைய அண்ணன் இருபது வருடம் மாடாய் உழைத்து எழுதிய நூலும் அதில் இருந்தது. அச்சுப் பிரதிகளை எப்போதோ எடைக்குப் போட்டாயிற்று.

தளத்தை நடத்தும் நிறுவனத்துக்குப் போன் போட்டுக் கத்தினாள்.

"தினமும் காலைல நானே திறக்கிறேனே! எப்படிப் பூஜ்யம்னு போடுவீங்க?"

"நூலக ஊழியர்கள் திறந்தா எண்ணிக்கையில சேராதுங்க மேடம்," என்றாள் அங்கே பேசிய பெண். "அவங்களே திறந்து திறந்து கூட்டிக் காட்டிடக் கூடாதுன்னு மூணு வருஷம் முன்னாடி நீங்கதானே எழுதிக் கேட்டீங்க?"

அவள்தான் கேட்டிருந்தாள். அவ்வளவு கறார்.

வீட்டில், படுத்த படுக்கையாகிவிட்ட அண்ணன் வழக்கம்போலக் கேட்டார். "இன்னிக்கு யாராவது படிச்சாங்களாம்மா?"

"ஒருத்தர் படிச்சாங்கண்ணா."

"அதே ஆளா?"

"அதே ஆள்தான்."

"போதும்மா. அந்த ஆள் இருக்கிற வரைக்கும் என் புத்தகத்தை எவனாலயும் தூக்க முடியாது."