டட்டில் வீட்டு மரணச் செய்தி

பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு நடந்த பத்திரிகை எங்களுடையது. எந்தப் பெண்ணையும் புருஷன் பெயரில் அச்சிடக் கூடாது என்பது அங்கே சட்டம். எங்கள் அமெரிக்க ஊரான போர்ட்லண்டின் மற்ற பத்திரிகைகள் 'மிஸஸ் இன்னார்' என்றே போட்டுப் போட்டு, பாதி ஊரைப் பெயரில்லாமல் ஆக்கி வைத்திருந்தன. அங்கே அச்சு எழுத்துக் கோர்ப்பவள் நான். எனக்கு அந்த 'மிஸஸ்' என்றாலே எரிச்சல்.

ஹைரம் டட்டில் காலையில் வந்தார். "என் சம்சாரம் போயிட்டா. சாகறப்ப உங்க பத்திரிகையிலதான் போடணும்னு கேட்டுக்கிட்டா. மிஸஸ் ஹைரம் டட்டில் காலமானார்னு போடு."

"அவங்க சொந்தப் பேரு?"

"அதான் சொன்னேனே."

"அது உங்க பேரு."

"முப்பது வருஷமா அதுதான் பேரு. போட்டா போடு, இல்லேன்னா விடு."

தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாலையில் அடக்கம். பாவி மகள், எங்களை நம்பிக் கேட்டவள், பெயரில்லாமல் மண்ணுக்குள் போவதா? நேரே அந்த வீட்டுக்குப் போனேன்.

முன்னறையில் சவப்பெட்டி திறந்திருந்தது. சுற்றிலும் பக்கத்து வீட்டுப் பெண்கள் காப்பியும் கேக்குமாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் பெயரைக் கேட்டேன்.

"மிஸஸ் டட்டில்தான். வேறென்ன?" என்றாள் மிஸஸ் க்ரோவர். "கல்யாணமாகி வந்தப்ப என்னா உயரம், என்னா கறுப்பு முடி."

"உயரமா? என் தோளுக்குத்தான் வருவா. செம்பட்டை முடி" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"ஒரு குளிர்காலம் பூரா வெளியவே வரல. அதுக்கப்புறம் ஆளே மாறிட்டா. காய்ச்சல்னு ஹைரம் சொன்னாரு. நாமளும் மிஸஸ் டட்டில்னுதானே கூப்பிட்டுக்கிட்டு இருந்தோம்" என்றாள் மிஸஸ் க்ரோவர்.

பெட்டியில் கிடந்தவள் குட்டை, செம்பட்டை. குனிந்து, பைத்தியக்காரி மாதிரி அவளிடமே கேட்டேன்.

"மிஸஸ் டட்டில், உங்க பேரு என்னங்க?"

பதில் பெட்டியிலிருந்து வரவில்லை. என் காலடிப் பலகைக்குக் கீழே இருந்து வந்தது.

"எங்க ரெண்டு பேர்ல யாரைக் கேக்கறே?"

பெண்கள் உறைந்துபோனார்கள். அப்போதுதான் உள்ளே வந்த ஹைரம் மட்டும் திடுக்கிடவில்லை. தினமும் செய்து பழகியவர்போலக் குதிகாலால் பலகையை ஒரு தட்டுத் தட்டினார்.

"சும்மா கிட, கெசையா."

சொன்ன பிறகுதான் எங்கள் முகங்களைப் பார்த்தார்.

கெசையாவை, அந்த முதல் மிஸஸ் டட்டிலை, அந்த வாரமே சொந்தப் பெயரில் முதல் பக்கத்தில் கோர்த்தேன். பெட்டியில் இருந்தவளின் பெயரை ஹைரம் கடைசிவரை சொல்லவில்லை.