பதினெட்டு நொடி மூச்சு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் பிறந்ததல்ல. மாமனாரின் புதிய ஆல்பத்துக்கு, உறையில் அச்சிட ஒரு குறிப்பு எழுதித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதில் பிறந்தது. ஐம்பது வருடமாக ஜாஸ் மேடைகளில் சாக்ஸபோன் வாசித்தவர் அவர். எனக்கு ஜாஸைப் பற்றித் தெரிந்தவை இரண்டே விஷயங்கள். அதிலும் ஒன்று தப்பு.

முதல் தொடக்கம்: ‘அந்தி வெளிச்சத்தில் பித்தளை அழுதது, அதன்...’ (பித்தளை அழாது. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: ‘எழுபத்துமூன்று வயதில் ஒரு சிங்கம்...’ (சிங்கம் பல்செட் கட்டாது. அதையும் அடித்தேன்.)

2

கதையே பல்செட்தான். போன வருடம் மேல்வரிசை மொத்தமும் புதிதாகக் கட்டினார். வாத்தியத்தைக் கவ்வும்போது ஓரத்தில் காற்று கசிகிறது. ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, மாமியாருக்காக அவர் போட்ட மெட்டு. மாமியார் போய் இருபத்தைந்து வருடம். முடிவில் ஒரே சுரத்தைப் பதினெட்டு நொடி இழுக்கவேண்டும். ஏழு முறை முயன்றார். பதினொன்றைத் தாண்டவில்லை.

ஒலிப்பதிவு செய்பவள் அவர் மகள், அதாவது என் மனைவி. (இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. குறை இருந்தாலும் எழுதமாட்டேன், முதல் வாசகி அவள்தான்.) அவர் சாப்பிடப் போன நேரத்தில், முப்பது வருடப் பழைய நாடாவிலிருந்து அந்தச் சுரத்தை வெட்டி இதில் ஒட்டிவிட்டாள்.

3

ஸ்டூடியோவுக்குத் திரும்பி வந்தவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார்.

“பையன் நல்லாத்தான் வாசிக்கிறான். இவன யாரு உள்ள விட்டது?”

“அது நீங்கதான்பா.”

“நானா? எனக்கு மூச்சு வாங்குது. இவனுக்கு வாங்கலையே.”

“ஏழு தடவப்பா. என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல.”

“முடியலன்னா திரும்பி உக்காரு.”

[இங்கே அப்பாவும் மகளும் கட்டிக்கொண்டு அழுவதாக ஒரு பத்தி இருந்தது. அப்படி நடக்கவில்லை. அவள் பேனாவை வீசினாள். அது என்மேல் விழுந்தது.]

எட்டாவது முறை பதிவு அறைக்குள் போனார். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ஒன்பதாவது நொடியில் சுரம் உடைந்தது. அதுவரை உடைந்ததும் நிறுத்திச் சலித்துக்கொண்டவர், இந்தமுறை வாயை எடுக்கவில்லை. வெறும் காற்றையே ஊதினார். பக்கத்தில் படுத்திருப்பவர் விடும் மூச்சுபோல அது மைக்கில் கேட்டது. அவள் திரும்பிவிட்டாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினெட்டு.

4

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும்.

“இதான்பா. இதையே போட்டுடலாம்” என்றாள், மூக்கை உறிஞ்சியபடி.

மாமனார் வாத்தியத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். பிறகு, “இல்லம்மா. அந்தப் பையனையே போடு. உங்கம்மாவுக்கு அவனத்தான் தெரியும். இந்தக் கெழவன அவ பாத்ததே இல்ல” என்றார்.

“அப்பா, இப்பதானே வேணாம்னீங்க?”

“நீ இப்பதானே ஒட்டின?”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

“மாப்ள, நீங்க சொல்லுங்க.”

“ஆமா, நீங்களே சொல்லுங்க.”

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இருபது வருடமாக வந்துபோகும் ஸ்டூடியோவில், கழிப்பறை எங்கே என்று கேட்டுக்கொண்டே எழுந்தேன். இதை அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கதவைத் தட்டுகிறார்கள். நீங்கள் வெளியில்தானே இருக்கிறீர்கள்? போய் ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். நான் சொன்னதாக மட்டும் சொல்லிவிடாதீர்கள்.