அடிக்காத பந்து

கல்யாண வீடானாலும் சரி, மௌத்து வீடானாலும் சரி, சரிபுதீனிடம் வாய் கொடுத்தால் பேச்சு அந்த எண்பத்தெட்டாம் ஆண்டு இறுதியாட்டத்தில்தான் வந்து நிற்கும். பக்கத்து ஊரான ஓலைத்தொடுவாய் மண்ணில், ஓலைத்தொடுவாய்க்காரருக்கு எதிராக, எருக்கலம்பிட்டி ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்ற உதைபந்தாட்டம். அந்த ஒன்றை அடித்தவரின் பெயர் இன்று எவருக்கும் ஞாபகமில்லை. பூச்சியத்தைக் காத்த கோல்காப்பாளர் சரிபுதீன். அதை மறக்க அவர் யாரையும் விட்டதில்லை.

தொண்ணூறில், போர் நடந்த காலத்தில், எருக்கலம்பிட்டி முஸ்லிம்கள் எல்லாரும் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார்கள். வீடு, வள்ளம், தென்னை எல்லாம் போயிற்று. புத்தளத்து அகதி முகாமில் ஓலைக் குடிசைக்குள் குந்திக்கொண்டு அவர் சொல்வார்: "எல்லாத்தையும் பறிச்சிட்டாங்கள். என்ட பூச்சியத்தை ஒருத்தராலும் எடுக்க ஏலாது." கேட்டவர்கள் சிரித்தார்கள். மனைவி றஹீமா சிரிக்கவில்லை. மனுசன் பகிடிக்குச் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

ஆனால் கதையில் ஓரிடத்தை மட்டும் அவர் அவசரமாகத் தாண்டிவிடுவார். ஆட்டம் முடிகிற தறுவாயில் லோறன்ஸ் பந்தோடு தனியாக வந்தான். ஓலைத்தொடுவாயின் வேகக்காரன். குறுக்கே ஒருவருமில்லை. அடிக்கக் காலை ஓங்கிய நேரம் பக்கத்து மாதா கோவிலில் திருந்தாதி மணி அடித்தது. அந்த மாலை மணி கேட்டால் கையில் வலை இருந்தாலும் நின்று சிலுவை அடையாளம் இடுகிற ஊர் அது. லோறன்ஸ் நின்றான், கை தன்பாட்டில் நெற்றிக்குப் போனது. சரிபுதீன் பாய்ந்து அவன் காலடியிலிருந்து பந்தை அள்ளிக்கொண்டார். சட்டப்படி பிழை ஒன்றுமில்லை. இருந்தும், அவன் அடித்திருந்தால் பிடித்திருப்பேனா என்ற கேள்வி அவரை ஒரு நாளும் நிம்மதியாக விடவில்லை.

ஊர் திரும்பிய பிறகு, இந்த வருடந்தான் இரண்டு ஊர்ப் பழைய ஆட்டக்காரரையும் கூட்டி எருக்கலம்பிட்டியில் ஓர் ஆட்டம் வைத்தார்கள். இந்த வயதில் விழுந்து எலும்பை முறிக்கவா என்று றஹீமா ஏசினாள். லோறன்ஸ் வருகிறானா என்று மட்டும்தான் சரிபுதீன் விசாரித்தார். வந்திருந்தார். இனி 'அவன்' என்று சொல்ல முடியாத நரையும் தொந்தியுமாக வந்திருந்தார்.

எல்லாருக்கும் மூச்சு வாங்கியதில் ஆட்டம் கோலே விழாமல் பொழுதுபடும்வரை இழுபட்டது. கடைசியில் லோறன்ஸ் பந்தோடு தனியாக வந்தார். ஓட்டமில்லை, நடைதான். அந்த நேரம் பார்த்துப் பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொன்னார்கள். விரித்திருந்த சரிபுதீனின் கைகள் தாமாக இறங்கின. கோல் திறந்து கிடந்தது. லோறன்ஸ் பந்தின்மேல் காலை வைத்து நிறுத்தினார்.

"தொழுதிட்டு வாங்கோ நானா. நான் இஞ்சதான் நிக்கிறன்," என்றார், முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கிற அந்த 'நானா'வோடு.

பந்தைப் பிடிக்க வேண்டுமென்று அல்லாஹ்விடம் கேட்கச் சரிபுதீனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டார். திரும்பி வந்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது. லோறன்ஸ் அதே இடத்தில், பந்தின்மேல் காலோடு நின்றார். சரிபுதீன் கைகளை விரித்தார்.

"இப்ப அடியும்."

லோறன்ஸ் அடித்தார். வயதுக்கு இரங்கித் தட்டிவிடவில்லை. உள்ள பலத்தையெல்லாம் கூட்டி அடித்தார். சரிபுதீன் சரியான பக்கம்தான் விழுந்தார். விரல் நுனியில் பட்டுப் பந்து உள்ளே போனது.

மணலில் கிடந்தபடி அவர் துக்கம் வருமென்று பார்த்திருந்தார். வரவில்லை. லோறன்ஸ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து குந்தினார்.

"அண்டைக்கே அடிச்சிருக்கலாம்தானே," என்றார் சரிபுதீன்.

"அடிச்சிருந்தா மறந்திருப்பன் நானா. நீங்கள் போனாப்பிறகு அந்த மணி கேக்கிற நேரமெல்லாம் உங்கட ஞாபகந்தான். இந்த மனுசனைத் திருப்பிக் கொண்டு வாங்கோ மாதாவே, நான் இன்னும் அடிக்கேல்லை எண்டு கேப்பன்."

புத்தளத்தில் இருந்த அத்தனை மாலைகளிலும், ஊர் தங்களை மறந்துவிட்டதென்றே சரிபுதீன் நினைத்திருந்தார்.