நாற்பதாவது சாலை

வேலையிலிருந்து வந்து ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் அகல்யா வாசலுக்கே வந்துவிட்டாள். "அப்பா லெப்டாப்ப மூடி வச்சிட்டுப் படுத்துட்டாரு. மத்தியானம் சோறும் சரியா சாப்பிடல. உங்க கேம்ல என்னமோ ஆயிருச்சு, போய்ப் பாருங்க" என்றாள். 'உங்க கேம்' என்பதில் அவள் கொடுத்த அழுத்தம் எனக்குப் பழக்கமானதுதான். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில், ஒழுங்காக ஓடுகிற எதையும் அவள் என்னுடையது என்று சொன்னதில்லை.

மாமாவின் அறைக்கதவு சாத்தியிருந்தது. கூடத்து மேசைமேல் என் பழைய லெப்டாப் கிடந்தது. அதைத் திறந்து விளையாட்டை ஓடவிட்டேன். நானே எழுதிவைத்த வரி திரையில் வந்து நின்றது: 'புதிய ஓட்டுநரா? உங்கள் பெயரை எழுதவும்.' அவ்வளவுதான். ஏழு வாரமாக மாமா விளையாடியதில் ஒரு சுவடுகூட இல்லை. முப்பத்துநான்கு வருடம் லோரி ஓட்டிய மனிதரைப் பார்த்துப் புதிய ஓட்டுநரா என்று கேட்டிருக்கிறது என் புரோகிராம். எனக்கு வெட்கமாக இருந்தது.

இதற்கு ஏன் இவ்வளவு பதறினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சுங்கை ஊடாங்கில் ஒரு தொழிற்சாலையில் அழுத்தமானிகளையும் வெப்பமானிகளையும் சரிபார்ப்பது என் பிழைப்பு. கம்ப்யூட்டரை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பள்ளிக்கூட நாட்களில் சைபர் கஃபேயில் உட்கார்ந்து கேம் விளையாடும்போது மற்றவர்கள் எதிரியைச் சுடுவார்கள். நான், இவன் ஏன் எப்போதும் இடப்பக்கமிருந்தே வருகிறான், இதை யார் முடிவு செய்தது என்று யோசித்துக்கொண்டே செத்துப்போவேன். அந்த யோசனைதான் இத்தனை வருடமாக என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. முதலில், மழை வந்தால் கொடியில் கிடக்கும் துணியை எடுக்கச் சொல்லிக் கைப்பேசியில் கத்தும் ஒரு புரோகிராம் எழுதினேன். அது நாங்கள் இருக்கும் தஞ்சோங் கிளிங்கில் வெயில் கொளுத்தும்போது, எங்கோ தள்ளியிருக்கும் லூபோக் சீனாவில் பெய்யும் மழைக்குக் கத்தியது. அகல்யா இரண்டு நாள் துணியை எடுத்து எடுத்துப் போட்டுவிட்டு, மூன்றாம் நாள் கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாள். அதற்கப்புறம் எட்டு கேம்கள். எல்லாவற்றையும் இணையத்தில் இலவசமாகப் போட்டேன். தரவிறக்கியவர்கள் உண்டு, ஒன்றையாவது கடைசிவரை விளையாடியவர் ஒருவர்கூட இல்லை. அந்தக் கணக்கையும் நானே எழுதிய புரோகிராம்தான் எனக்குக் காட்டும். என் தலையெழுத்து.

ஒன்பதாவதுதான் இது. பெயர் 'பாரம்'. சரக்கு ஏற்றிய லோரியைக் குறுகலான சாலைகளில் எதன்மீதும் இடிக்காமல் ஓட்டி, சேரவேண்டிய இடத்தின் கேட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். மொத்தம் நாற்பது சாலைகள். இரண்டு வருட உழைப்பு. "யாராச்சும் ஒரே ஒரு ஆளு இத முழுசா முடிச்சிட்டா போதும் அகல்யா, அதோட நான் இதெல்லாம் விட்டுடறேன்" என்று சொல்லியிருந்தேன். மனதாரத்தான் சொன்னேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் தரவிறக்கினார்கள். அதிகபட்சம் போனவர் ஆறாவது சாலையில் நின்றுவிட்டார்.

மாமா எங்களோடு வந்து சேர்ந்தது போன வருடம், பக்கவாதம் வந்த பிறகு. வலது கையும் காலும் பாதி திரும்பிவிட்டன, மீதி திரும்பவில்லை. இனி வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்து லோரி சாவியை ஆணியில் மாட்டினார். லோரியை விற்ற அன்று அந்த ஆணியையும் பிடுங்கிவிட்டார். அவருக்கு என்னைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் எப்போதுமே கிடையாது. கல்யாணமான புதிதில், "மாப்ள லீவு நாள்ல என்னா பண்ணுவாரு?" என்று அகல்யாவிடம் விசாரித்திருக்கிறார். கேம் செய்வார் என்று அவள் சொன்னதற்கு, "விளையாடுவாரா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை, செய்வார் என்றாளாம். "அதுக்கு வெளையாண்டாகூட பரவால்ல" என்றாராம். இதை அகல்யா வருடத்துக்கு ஒருமுறையாவது எனக்கு நினைவூட்டுவாள்.

அந்த மனிதர்தான் ஒருநாள் என் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். "இந்த சிம்பாங்ல லோரி திரும்பாது மாப்ள. பின் டயரு டிரெயின்ல எறங்கிரும்" என்றார். சிம்பாங் என்றால் இங்கே சந்தி, டிரெயின் என்றால் சாலையோரச் சாக்கடை. நான் சந்தியை அகலப்படுத்தினேன். "இப்ப ரொம்ப அகலமாயிருச்சு. ஹைவே மாதிரி" என்றார். மறுநாள் நான் வேலைக்குப் போனபின், அகல்யாவைக் கூப்பிட்டு அதைப் போட்டுத்தரச் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து ஏழு வாரம், காலைப் பசியாறல் முடிந்ததும் மேசைக்கு வந்துவிடுவார். வலது கைவிரல்கள் அம்புக்குறிப் பொத்தான்களைத் தேடித் தேடி அழுத்தும். ஒரு மாதத்தில் தேடாமல் அழுத்தின. தெரப்பிக்குக் கூட்டிப்போன இடத்தில் இருந்த பெண், "அங்கிள் வீட்டுல நல்லா எக்சர்சைஸ் பண்றாரு போல" என்று பாராட்டினாள். மாமா, "லோரி ஓட்றேன்" என்றார். அவள் அகல்யாவைத் திரும்பிப் பார்த்தாள்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். முதல் ஆள் கிடைத்துவிட்டார். வேலை முடிந்து வந்ததும், "இப்ப எந்த ரோட்டுல மாமா?" என்று கேட்பேன். "பதினெட்டு", "இருபத்தஞ்சு" என்று வந்துகொண்டிருந்தது. கடைசி இரண்டு வாரமாக மட்டும், "ஓடிக்கிட்டு இருக்கு" என்பதோடு நிறுத்திக்கொண்டார். கஷ்டமான சாலைகள், மாட்டிக்கொண்டிருப்பார், கேட்டால் மானப் பிரச்சினையாகும் என்று நானும் துருவவில்லை. இப்போது எல்லாம் போய்விட்டது.

நடந்தது இதுதான். மத்தியானம் இடி இடித்திருக்கிறது, ஏழு வாரத்தில் முதல் தடவையாக. இடி இடித்தால் வீட்டிலுள்ள பிளக்கையெல்லாம் பிடுங்கிவிடுவது அகல்யாவின் வழக்கம். லெப்டாப்பின் பேட்டரி செத்து ஒரு வருடமாகிறது. பிளக்கைப் பிடுங்கியதும் அணைந்துவிட்டது. அதுவரை அதை யாரும் அணைத்ததே இல்லை. மாமா மூடியைச் சாத்துவார், திறப்பார், விட்ட இடத்திலிருந்து ஓட்டுவார். அதனால்தான் குறை ஏழு வாரமாக வெளியே தெரியவில்லை.

கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனேன். மாமா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"மாமா, எங்கயாவது சேவ் ஆகியிருக்கும். நான் தேடிப் பாக்கறேன்."

"விடு மாப்ள" என்றார், திரும்பாமலே. "லைசன்ஸு போன மாதிரி இதுவும் போச்சுன்னு வச்சுக்க வேண்டியதுதான்."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார்.

"மொத நாளு பேரு கேட்டுச்சுல்ல, என்னான்னு போட்டீங்க?"

"என் பேருதான். வேற யாரு பேரப் போடுவேன்?"

பின்னாலேயே வந்திருந்த அகல்யா சொன்னாள்: "ஐசிய எடுத்துப் பக்கத்துல வச்சுக்கிட்டு அடிச்சாரு. இடது கையில ஒத்த விரலால. அரை மணி நேரம் ஆச்சு."

ஐசி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு விஷயம் பிடிபட்டது. இந்த நாட்டில் எந்தக் கவுண்டரில் பெயரைக் கேட்டாலும் ஐசியில், அதாவது அடையாள அட்டையில் உள்ளபடி முழுப் பெயரையும் எழுத வேண்டும். பாதி எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அறுபத்தெட்டு வயதுவரை அப்படியே எழுதிப் பழகியவர் மாமா. சாமிநாதன், அப்புறம் 'இன்னாரின் மகன்' என்பதற்கு ஏ, ஒரு சாய்ந்த கோடு, எல். அப்புறம் தகப்பன் பெயர் கருப்பண்ணன். கம்ப்யூட்டருக்கு அந்தச் சாய்ந்த கோடு பெயரில் ஒரு பகுதி அல்ல. கோட்டைக் கண்டால், அதற்கு முன்னால் இருப்பதை ஒரு பெட்டியாகவும் பின்னால் இருப்பதை அந்தப் பெட்டிக்குள் இருக்கும் கோப்பாகவும் எடுத்துக்கொள்ளும். என் புரோகிராமோ வெளியில் இருக்கும் கோப்புகளை மட்டும்தான் தேடும், பெட்டிக்குள் எட்டிப் பார்க்காது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். இருந்தது. 'சாமிநாதன் ஏ' என்று ஒரு பெட்டி. அதற்குள் 'எல் கருப்பண்ணன்' என்று ஒரு கோப்பு. தகப்பனை ஒரு பக்கமும் மகனை ஒரு பக்கமும் பிரித்து வைத்திருந்தேன். என் ஐசியிலும் இதே கோடு இருக்கிறது. பிறந்ததிலிருந்து இருக்கிறது. ஆனாலும் இரண்டு வருடமாக என் பெயரைச் சுருக்கி 'யுவா' என்று மட்டும் அடித்தே சோதித்துப் பார்த்திருக்கிறேன். எங்கோ வெளிநாட்டில் இருப்பவன் இந்தத் தப்பைச் செய்திருந்தால் நானே திட்டியிருப்பேன்.

சரிசெய்யப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கோப்பு சேதமாகியிருக்கிறதா என்று பார்க்க அதைத் திறந்தேன். தவறுகளைக் கண்டுபிடிக்க வசதியாக இருக்குமென்று, லோரி எங்கெங்கே போனது, எங்கே நின்றது என்பதையெல்லாம் பதிவு செய்ய வைத்திருந்தேன். பன்னிரண்டாவது சாலையில் அறுபத்தோரு முறை இடித்திருக்கிறார். இருபத்தேழாவதை முதல் முயற்சியிலேயே முடித்திருக்கிறார். நானே அதை நாலு தடவை இடித்தவன். நாற்பதாவது சாலைக்கு வந்து பதினாறு நாள் ஆகியிருந்தது.

நாற்பதாவதை இருபத்துமூன்று முறை ஓட்டியிருக்கிறார். ஒருமுறைகூட இடிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் லோரி சாலை முழுவதையும் கடந்து, கடைசி கேட்டுக்கு ஒரே ஒரு கட்டம் முன்னால் வந்து நின்றிருக்கிறது. கொஞ்ச நேரம் அங்கேயே. பிறகு பின்னால் எடுத்து, சுற்றிக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பியிருக்கிறது. இருபத்துமூன்று முறையும் அப்படியே.

இதுவும் என் தப்புதான், கேட் திறக்கவில்லை என்று முதலில் நினைத்தேன். நானே ஓட்டிப் பார்த்தேன். கேட் அழகாகத் திறந்தது. லோரி உள்ளே போனது. 'பயணம் முடிந்தது. நன்றி' என்று திரை இருண்டது. எந்தக் குறையும் இல்லை.

மறுநாள் எனக்கு மத்தியான ஷிஃப்ட். காலையில் மாமாவைக் கூட்டிவந்து மேசையில் உட்காரவைத்தேன். திரையில் அவருடைய முழுப் பெயரும் கோட்டோடு இருந்தது. அதைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது. "இருக்கா!" என்றார். நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார்.

நான் போயிருக்கலாம். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மாமா, அந்தக் கடைசி கேட்டு தொறக்குதா?"

"தொறக்குதே. கிட்ட போனாலே தொறக்குது."

"அப்புறம் ஏன் உள்ள போவல?"

அவர் வலது கையை மேசையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கினார்.

"போனா முடிஞ்சிரும்ல" என்றார்.

ஒரே ஒரு தடவை உள்ளே போங்கள் மாமா, எனக்காக, என்று கேட்க வாய்வரை வந்துவிட்டது. பதினாறு நாளாக, ஒரே ஒரு கட்டம் தள்ளி, நான் ஆசைப்பட்டது கிடந்திருக்கிறது. அதைக் கேட்காமல், "இன்னும் பத்து ரோடு போட்டுத் தரேன் மாமா. தைரியமா உள்ள போங்க" என்றேன்.

"போடு, போடு. போட்டதும் சொல்லு. அதுவரைக்கும் இது இப்படியே இருக்கட்டும் லா."

அடுப்படியிலிருந்து அகல்யா எட்டிப் பார்த்தாள். "அவரு முடிக்கப் போறதில்ல. நீங்களும் விடப் போறதில்ல. நல்ல ஜோடி கெடச்சிருக்கு எனக்கு" என்றாள். அவள் சிரித்தாளா என்று பார்க்கும்முன் உள்ளே போய்விட்டாள்.

பதினோரு மணிக்கு மோட்டார் சைக்கிளை வெளியே தள்ளினேன். பக்கத்து வீட்டுக் கைருதீன் அண்ணன் கடைக்குக் கிளம்பி, காரைப் பின்பக்கமாக எடுத்துக்கொண்டிருந்தார். பாதி கார் சாலைக்கு வந்திருந்தபோது எங்கள் கூடத்து ஜன்னலிலிருந்து பீப், பீப், பீப் என்று சத்தம் கேட்டது. லோரி பின்னால் வரும்போது எழுப்பும் சத்தம். நிஜ லோரி ஒன்றில் பதிவு செய்து நான் கேமில் போட்டது, அச்சு அசலாக இருக்கும். அண்ணன் சட்டென்று பிரேக்கை அழுத்தினார். கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"லோரி எங்க தம்பி?"

"வருதுண்ணே" என்றேன்.

வெயில் காயும் வெறும் சாலையில், பாதி வெளியே வந்த காரை அப்படியே நிறுத்திவிட்டு, லோரி முதலில் போகட்டும் என்று அவர் காத்துக்கொண்டிருந்தார்.